விளக்கு ஏன் துடிக்கிறது?

மோட்டார் வண்டிக்கு வரும் நோய்கள் பல. சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டால் உடனே தெரிந்துவிடும். யந்திரம் சூடேறினால் ஆவி பறந்து அறிவித்துவிடும். ஆனால் இரவில் முன் விளக்குகள் ஒரு கணம் மங்கி, மறு கணம் பிரகாசித்து, மீண்டும் மங்குகின்றனவே, அந்த நோயின் போக்கே தனி. பகலில் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினால் விளக்குகள் பரம சாதுவைப் போல் எரியும். மெக்கானிக்கின் முன்னிலையில் ஒரு தடவையாவது துடிக்குமா என்றால், துடிக்காது. இருட்டிய பிறகு ஊர் எல்லையைத் தாண்டி நாலு மைல் போனதும் தன் சேஷ்டையை ஆரம்பிக்கும்.

இப்படிப்பட்ட சமயத்தில் சாதாரணமாக நடப்பது என்ன? முதலில் பல்பை மாற்றுகிறோம். துடிப்பு நிற்பதில்லை. அடுத்தபடி பாட்டரி பழசாகிவிட்டது என்று யாரோ சொல்ல, புதுப் பாட்டரி வாங்குகிறோம். ஒரு வாரம் சுகமாக இருப்பதுபோல் தோன்றுகிறது. பிறகு பழைய கதைதான். கடைசியில் மின்சாரம் உற்பத்தி செய்யும் ஆல்டர்னேட்டரையே மாற்றும்படி ஆலோசனை கிடைக்கிறது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது சிறிய தொகை அல்ல. இவ்வளவுக்கும் பிறகு, துருப்பிடித்த ஒரு திருகாணியைக் கழற்றித் தேய்த்து மறுபடி முடுக்கியதும் விளக்கு நிலையாக எரியத் தொடங்கினால் எப்படி இருக்கும்? பல சந்தர்ப்பங்களில் உண்மை அதுதான்.

நாம் இங்கே வற்புறுத்த விரும்பும் விஷயம் ஒன்றே: காரணம் கண்டுபிடித்த பிறகு சாமான் வாங்க வேண்டும், சாமான் வாங்கிக் காரணம் கண்டுபிடிக்கக் கூடாது. அதற்கு வேண்டிய அறிவு பெரிய சாஸ்திரம் அல்ல. பள்ளிக்கூடத்தில் மின்சாரத்தைப் பற்றி நாலு பாடம் படித்தவர்கள் யாவரும் இதைப் புரிந்துகொள்ளலாம். கடலூர், சிதம்பரம் வாசிகளுக்கு இது மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே பயன்படும். அதன் காரணத்தைப் பின்னால் சொல்லுகிறோம்.

இரண்டு ஊற்றுகள்

ஆதி காலத்து மோட்டார்களில் மின்சார விளக்கே கிடையாது. கார்பைடு கல்லின்மேல் தண்ணீர் சொட்ட, அதிலிருந்து கிளம்பும் வாயுவைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்கினார்கள். யந்திரத்தைக் கிளப்பக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்க நிபுணர் மின்சாரத்தால் யந்திரத்தைக் கிளப்பும் சாதனத்தை அமைத்தார். 1912-ல் காடிலாக் மோட்டார்களில் அது இடம் பெற்றது. யந்திரத்தைக் கிளப்ப மின்சாரம் வேண்டுமென்றால் பாட்டரி வேண்டும். பாட்டரியை நிரப்ப டைனமோ வேண்டும். இரண்டும் இருக்கும்போது விளக்குக்கும் மின்சாரம் கிடைத்தது. இன்று நமது வண்டிகளில் உள்ள ஏற்பாடு அடிப்படையில் அதுவேதான்.

ஆகவே வண்டிக்கு மின்சாரம் இரண்டு ஊற்றுகளிலிருந்து வருகிறது. யந்திரம் நிற்கும்போது பாட்டரி கொடுக்கிறது. யந்திரம் ஓடும்போது அதனுடன் பெல்ட்டினால் இணைக்கப்பட்ட ஆல்டர்னேட்டர் மின்சாரத்தை உற்பத்தி செய்து, விளக்குகளுக்கும் கொடுத்து, பாட்டரியையும் நிரப்புகிறது. யந்திரம் வேகமாகச் சுழன்றாலும் மெதுவாகச் சுழன்றாலும் வோல்டேஜ் ஓர் அளவுக்குள் நிற்கும்படி கவனித்துக்கொள்வது ரெகுலேட்டரின் வேலை.

பழைய டைனமோவுக்கு ஒரு குறை உண்டு. யந்திரம் மெதுவாக ஓடும்போது அதனால் போதிய மின்சாரம் கொடுக்க முடியாது. வண்டி நாற்சந்தியில் நிற்கும்போது விளக்கு மங்குவதும், கிளம்பியதும் பிரகாசிப்பதும் அந்தக் காலத்தில் சகஜம். 1960-ல் கிரைஸ்லர் கம்பெனி தன் வாலியண்ட் மோட்டாரில் டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டரை வைத்தது. மற்றவர்களும் பின்பற்றினார்கள். ஆல்டர்னேட்டர் மெதுவான ஓட்டத்திலும் ஓரளவு மின்சாரம் தரும். ஆகையால், பழைய அம்பாஸிடரைப் பிரியமாக வைத்துக்கொண்டிருப்பவர் விளக்கு நிற்குமிடத்தில் மங்குவதைக் கண்டு கவலைப்பட வேண்டியதில்லை. அதில் டைனமோ இருந்தால் அது அதன் சுபாவம். புது வண்டியில் அப்படி நடந்தால் அதை நோயின் அறிகுறியாகக் கொள்ளலாம்.

போகும் வழியும் திரும்பும் வழியும்

மின்சாரம் பாட்டரியின் ஒரு முனையில் புறப்பட்டு, விளக்கின் வழியாகச் சென்று, மற்றொரு முனைக்குத் திரும்பி வந்தாக வேண்டும். வீட்டில் இதற்காக இரண்டு கம்பிகள் போடுகிறோம். மோட்டாரிலோ போவதற்கு மட்டுமே கம்பி உண்டு. திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்பு உடலே வழி. விளக்கிலிருந்து ஒரு சிறு கம்பி பக்கத்திலுள்ள இரும்புத் தகட்டில் திருகப்பட்டிருக்கும். பாட்டரியின் மைனஸ் முனையிலிருந்து ஒரு தடித்த கம்பி உடலிலும், மற்றொன்று யந்திரத்திலும் முடுக்கப்பட்டிருக்கும். மெக்கானிக்குகள் இதை ‘எர்த்’ என்று சொல்லுவார்கள்.

இந்த ஏற்பாட்டினால் கம்பிச் செலவு மிச்சம். ஆனால் திரும்பும் வழி முழுவதும் நாலைந்து திருகாணிகளின் நாணயத்தை நம்பி நிற்கிறது. போகும் வழியில் ப்யூஸ் உண்டு, ரிலே உண்டு, ஸ்விட்ச் உண்டு. ஏதாவது தவறு நேர்ந்தால் எல்லோரும் அங்கேதான் பார்க்கிறார்கள். திரும்பும் வழியை யாரும் நினைப்பதில்லை. திருகாணிக்கும் தகட்டுக்கும் இடையில் துருவோ, பெயிண்டோ, அழுக்கோ புகுந்துவிட்டால் மின்சாரம் திரும்புவதற்குத் தடை ஏற்படுகிறது. வண்டி குலுங்கும்போது அந்தத் தடை கூடிக் குறையும். விளக்கும் அதற்குத் தகுந்தபடி மங்கிப் பிரகாசிக்கும்.

தடை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் விளைவு பெரிது. சாதாரணமான 12 வோல்ட் வண்டியில் 55 வாட் பல்புகள் இரண்டு எரியும்போது ஏறக்குறைய 9 ஆம்பியர் மின்சாரம் ஓடுகிறது. இரண்டுக்கும் பொதுவான எர்த்தில் ஓர் ஓம் தடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 ஓம், ஏற்பட்டாலும் 0.9 வோல்ட் அங்கேயே நஷ்டமாகிறது. இதனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். பல்பின் இழை, வோல்டேஜ் குறைவதைவிடப் பல மடங்கு வேகமாக ஒளியை இழக்கும் இயல்புடையது. 14 வோல்டில் 0.9 குறைந்தால் வெளிச்சத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, வெளிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். எதிரே விளக்கில்லாமல் வரும் மாட்டு வண்டியையும், சாலை ஓரமாக நடந்து செல்லும் மனிதரையும் நம் கண்ணுக்குக் காட்டுவது அந்த மூன்றில் ஒரு பங்குதான்.

உப்பின் திருவிளையாடல்

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் வழியாக வெள்ளாற்றைக் கடந்து செல்லும் இந்தச் சாலைக்கும் வங்கக் கடலுக்கும் அதிக தூரம் கிடையாது. கடலூர்த் துறைமுகத்தின் அருகே ஓடும் ஆற்றுக்கு உப்பனாறு என்று பெயரிட்டார்கள் நம் முன்னோர்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் எதனால் வந்தது? தில்லை என்பது உப்பங்கழி ஓரங்களில் வளரும் ஒரு மரம். ஊருக்குள் அந்த வனம் மறைந்துவிட்டது. கிழக்கே பிச்சாவரத்துச் சதுப்புக் காட்டில் இன்றும் தில்லை மரத்தைப் பார்க்கலாம். ஆக, ஓர் ஊரின் ஆற்றுப் பெயரிலும், மற்றோர் ஊரின் பழம் பெயரிலும் உப்பு கலந்திருக்கிறது. அங்கே ஓடும் மோட்டார் வண்டியில் மட்டும் கலக்காமல் இருக்குமா?

கடற்காற்றில் வரும் நுண்ணிய உப்புத் துகள்கள் வண்டியின் இடுக்குகளில் தங்குகின்றன. உப்புக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு என்பது மழைக் காலத்தில் சமையலறை உப்பு ஜாடியைத் திறந்து பார்க்கும் பெண்மணிகள் யாவருக்கும் தெரியும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் மின்சாரம் பாயக்கூடிய திரவமாகிவிடும். எர்த் கம்பியின் முனை செம்பு. வண்டியின் தகடு இரும்பு. இரண்டு வேறு உலோகங்கள், நடுவே உப்பு நீர். பாட்டரி செய்வதற்கு வேறு என்ன வேண்டும்? யாரும் கேட்காமலே அந்தத் திருகாணியின் அடியில் ஒரு குட்டிப் பாட்டரி உண்டாகி வேலை செய்யத் தொடங்குகிறது. அதன் வேலை இரும்பைத் தின்பது.

வெள்ளம் செய்யும் தீங்கு இன்னும் மறைவானது. 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் கடலூர் ஜில்லாவை வெள்ளம் சூழ்ந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. இத்தகைய வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டியை உலர்த்தி, எண்ணெய் மாற்றி, ஓடச் செய்துவிடலாம். ஆனால் கம்பியின் உறைக்குள் மெல்லிய செம்பு இழைகளுக்கு நடுவே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல், தண்ணீர் ஏறிவிடுகிறது. வெளியே கம்பி புதிதுபோல் பளபளக்கும். உள்ளே செம்பு பச்சையாகிப் பொடிந்து கொண்டிருக்கும். மாதக் கணக்கில் கழிந்த பிறகு, வெள்ளத்தை எல்லோரும் மறந்திருக்கும் சமயத்தில், விளக்கு துடிக்க ஆரம்பிக்கும்.

உலோகங்களை உப்பும் காற்றும் அரிப்பது தேசத்துக்கு எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதை நம் தலைவர்கள் ஆரம்பத்திலேயே உணர்ந்திருந்தார்கள். சுதந்திரம் வந்து ஓர் ஆண்டு நிறைவதற்குள், 1948 ஜூலை 25-ந் தேதி, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். அழகப்பச் செட்டியார் அதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட அந்த நிலையம், மண்டபத்தில் கடலோரத்திலேயே உலோகத் துண்டுகளை வைத்து அரிப்பை ஆராய்ந்திருக்கிறது. நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் துருப்பிடித்த திருகாணியும் அவர்கள் ஆராயும் பெரிய விஷயத்தின் ஒரு சிறு துளியே.

எந்த விளக்கு? எப்போது?

நல்ல வைத்தியர் நோயாளியைப் பார்த்ததும் மருந்துப் பெட்டியைத் திறப்பதில்லை. நாலு கேள்வி கேட்பார், பிறகு நாடியைப் பார்ப்பார். துடிக்கும் விளக்குக்கும் அதே முறைதான்.

முதல் கேள்வி: துடிப்பது ஒரு விளக்கா, எல்லாமா? ஒரே ஒரு விளக்கு துடித்தால் பாட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் சந்தேகிக்க நியாயமில்லை. அந்தப் பல்பு பொருந்தும் கூடு, அதன் கம்பி, அதன் எர்த் ஆகிய மூன்றில் ஒன்றுதான் குற்றவாளி. முன் விளக்கு இரண்டும் மட்டும் துடித்து மற்றவை நிலையாக எரிந்தால், அவ்விரண்டுக்கும் பொதுவான ஸ்விட்ச், ரிலே அல்லது எர்த்தைப் பார்க்க வேண்டும். உள் விளக்கு, மீட்டர் விளக்கு உட்பட எல்லாமே ஒன்றாகத் துடித்தால், நோய் மூலத்தில் இருக்கிறது. பாட்டரி முனைகள், பெரிய எர்த் கம்பிகள், ஆல்டர்னேட்டர், ரெகுலேட்டர் இவற்றில் தேட வேண்டும்.

இரண்டாவது கேள்வி: எப்போது துடிக்கிறது? பள்ளத்தில் இறங்கி ஏறும்போது மட்டும் என்றால் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. யந்திரத்தின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கினால் ஆல்டர்னேட்டர் பக்கம் பார்க்க வேண்டும். ஏ.சி.யைப் போட்டதும் ஒரு முறை மங்கிப் பிறகு நிமிர்ந்தால் அதைப் பெரிதாக நினைக்க வேண்டாம். மங்கியது மங்கியபடியே இருந்தால் மின்சாரம் போதவில்லை. மழையிலும் பனியிலும் மட்டும் துடித்தால் ஈரம் புகும் இடத்தைத் தேட வேண்டும்.

மூன்றாவது, ஒரு சிறு பரீட்சை. வண்டியைச் சுவருக்கு எதிரே பின்புறமாக நிறுத்தி, பின் விளக்கைப் போட்டு, பிரேக்கை மிதித்து, இண்டிகேட்டரையும் போட்டுப் பாருங்கள். மிதித்ததும் பின் விளக்கு பிரகாசமாகாமல் மங்கினால், அல்லது இண்டிகேட்டருடன் சேர்ந்து பக்கத்து விளக்குகளும் கண் சிமிட்டினால், அந்தப் பக்கத்து எர்த் கெட்டுவிட்டது என்று கொள்ளலாம். தன் வழி அடைபட்ட மின்சாரம் அடுத்த விளக்கின் வழியாகத் திரும்பப் பார்க்கிறது. அதனால்தான் இந்தக் கூத்து. இண்டிகேட்டர் மட்டும் வழக்கத்தைவிட வேகமாகச் சிமிட்டினால், பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் ஒரு பல்பு இறந்துவிட்டது என்று அர்த்தம்.

மீட்டர் சொல்லும் சாட்சி

நாடி பார்ப்பதற்கு ஒரு மல்டிமீட்டர் போதும். சில நூறு ரூபாய்க்கு மின்சாரச் சாமான் கடைகளில் கிடைக்கும். பி.எஸ்ஸி. படிக்கும் பையனோ பெண்ணோ வீட்டில் இருந்தால் இந்தப் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைக்கலாம். சமையலறையில் அரிசி அளக்கும் படிக்கு என்ன மரியாதையோ, மோட்டார் வைத்திருக்கும் வீட்டில் மீட்டருக்கும் அந்த மரியாதை இருக்க வேண்டும்.

சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியின் பாட்டரி முனைகளில் அளந்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால் பாகம் நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழே போனால் பாட்டரி காலியாகிவிட்டது என்று பொருள். பிறகு யந்திரத்தைக் கிளப்பி, விளக்குகளைப் போட்டு, சற்று வேகமாக ஓடவிட்டு அளக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை இருக்கும். 13-க்கும் குறைந்தால் மின்சார உற்பத்தி போதவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுத் தவறிவிட்டது. பல்புகள் அடிக்கடி எரிந்துபோவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

இந்த இரண்டு அளவுகளும் சரியாக இருந்தும் விளக்கு துடிக்கிறதா? அப்படியானால் புதுப் பாட்டரியோ ஆல்டர்னேட்டரோ வாங்குவதற்கு முன் அடுத்த சோதனையைச் செய்ய வேண்டும். விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் மைனஸ் முனையிலும், மற்றொரு முனையை யந்திரத்தின் இரும்பிலும் வையுங்கள். பிறகு வண்டியின் உடலில் பெயிண்ட் இல்லாத இடத்தில் வையுங்கள். கடைசியில் விளக்கின் எர்த் முனையிலேயே வையுங்கள். நல்ல வழியாக இருந்தால் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யத்தைக் காட்டும், 0.2 வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால், எந்த இடத்தில் எண் குதிக்கிறதோ அந்த இடத்துக்கு முன்னால் உள்ள இணைப்புதான் நோய் உள்ள இடம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விளக்கை அணைத்துவிட்டு, மீட்டரில் ஓம் அளந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது. பத்து இழைகளில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சிய கம்பிகூட அந்தச் சோதனையில் தேறிவிடும். சுமை ஏற்றிய பிறகுதான் பாலத்தின் பலம் தெரியும்; விளக்கு எரியும்போது அளந்தால்தான் கம்பியின் பலம் தெரியும்.

மீட்டர் இல்லாதவர்கள் ஒரு தடித்த கம்பியின் ஒரு முனையைப் பாட்டரி மைனஸிலும் மறு முனையைத் துடிக்கும் விளக்கின் எர்த்திலும் தற்காலிகமாக இணைத்துப் பார்க்கலாம். துடிப்பு நின்று வெளிச்சம் கூடினால் எர்த்தின் குற்றம் நிரூபணமாகிவிட்டது. கம்பி ப்ளஸ் பக்கம் எங்கும் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிகிச்சை

நோய் தெரிந்த பிறகு சிகிச்சைக்கு ஆகும் செலவு ஓர் எமரித் தாளும், சிறிது சமையல் சோடாவும், சிறிது வாஸலினும். யந்திரத்தை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, முதலில் பாட்டரியின் மைனஸ் முனையைக் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதையே கடைசியாக மாட்ட வேண்டும். இந்த வரிசையை மாற்றினால், ப்ளஸ் முனையில் இருக்கும் ஸ்பானர் வண்டியின் உடலில் பட்டுப் பெரும் பொறி பறக்கும். பாட்டரியிலிருந்து வெளிவரும் வாயு தீப்பற்றக்கூடியது என்பதை நினைவில் வைத்து, அருகில் பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முனைகளில் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்திருக்கும் உப்பைச் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, பழைய பல் துலக்கும் பிரஷினால் தேய்த்து, துடைத்து உலர்த்தலாம். தண்ணீர் பாட்டரிக்குள் இறங்கக் கூடாது. எர்த் திருகாணியைக் கழற்றி, கம்பியின் முனையையும் தகட்டையும் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, இறுக முடுக்கி, அதன் மேல் வாஸலினைத் தடவிவிட வேண்டும். கடலோர ஊர்களில் மழைக் காலத்துக்கு முன்னும் பின்னும் ஒரு தரம் இதைச் செய்துவிட்டால் பல தொல்லைகள் பிறக்கும் முன்பே ஒழியும்.

சில மெக்கானிக்குகளிடம் ஒரு பழக்கம் உண்டு. யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாட்டரி முனையைக் கழற்றி, யந்திரம் நின்றுவிடுகிறதா என்று பார்த்து ஆல்டர்னேட்டரைச் சோதிப்பார்கள். டைனமோக் காலத்தில் அந்தச் சோதனை நடந்தது. இப்போது கூடவே கூடாது. அந்தக் கணத்தில் வோல்டேஜ் திடீரென்று பாய்ந்து வண்டியிலுள்ள நுட்பமான கருவிகளைச் சுட்டுவிடக்கூடும். யாராவது அப்படிச் செய்ய வந்தால் மரியாதையாகத் தடுத்துவிட வேண்டும்.

ஊற்றிலேயே கோளாறு இருந்தால்

மீட்டர் 13-க்குக் கீழே காட்டினால், முதலில் பெல்ட்டைப் பாருங்கள். தளர்ந்தோ வழவழப்பாகவோ ஆன பெல்ட் வழுக்கும், விளக்கையும் ஏ.சி.யையும் ஒன்றாகப் போட்டால் கீச்சென்று கத்தும். அது சரியாக இருந்தால், ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் கரித் துண்டுகள் தேய்ந்திருக்கலாம். தேய்ந்த கரி சில சமயம் தொடும், சில சமயம் தொடாது, விளக்கும் அப்படியே. உள்ளே இருக்கும் டையோடுகளில் ஒன்று பழுதானாலோ, வோல்டேஜ் நிதானமாக இருப்பதுபோல் தோன்றினாலும் விளக்கில் ஒரு மெல்லிய அதிர்வு இருக்கும். யந்திரம் ஓடும்போது மீட்டரை ஏ.சி. வோல்டேஜுக்குத் திருப்பிப் பாட்டரியில் அளந்தால் அரை வோல்டுக்கு மேல் காட்டினால் டையோடைச் சந்தேகிக்கலாம்.

இவற்றுக்கெல்லாம் ஆல்டர்னேட்டர் முழுவதையும் மாற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. கரித் துண்டு, ரெகுலேட்டர், டையோடுத் தட்டு ஆகியவை பல வண்டிகளுக்குத் தனித்தனியாகக் கிடைக்கும். அவற்றைப் பொருத்தத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

மற்றொரு காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். வண்டி வாங்கிய மறு மாதமே கூடுதல் விளக்கு, பெரிய ஹாரன், பாட்டுப் பெட்டி என்று ஆபரணங்கள் பூட்ட ஆரம்பிக்கிறோம். நல்ல கம்பியை வெட்டி, புதுக் கம்பியை முறுக்கி, டேப்பைச் சுற்றி விட்டுவிடுகிறார்கள். நம் வெயிலில் டேப்பின் பசை உருகிக் கழன்றுவிடும். பிறகு உப்புக் காற்று உள்ளே குடிபுகும். கூடுதல் சாமானுக்குத் தனிக் கம்பி, தனி ப்யூஸ், தனி ரிலே என்று கேட்டு வாங்கிப் போடுவதே முறை.

புது வண்டிகளின் புதுப் பழக்கங்கள்

இப்போதைய வண்டிகளில் எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்டன. பலவற்றில் மின்சாரத்தை ஒரு வினாடியில் நூற்றுக்கணக்கான தடவை விட்டு விட்டுக் கொடுத்தே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். கண்ணுக்கு அது தெரியாது. கைப்பேசிக் காமிராவில் பார்த்தால் துடிப்பதுபோல் தெரியும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பழைய பல்பு இருந்த இடத்தில் எல்.இ.டி. பல்பைப் பொருத்தினால் உண்மையாகவே துடிப்பதுண்டு. பல்பு உயிரோடு இருக்கிறதா என்று அறிய வண்டியின் கம்ப்யூட்டர் அனுப்பும் சிறு துடிப்பே அதை மினுக்கிவிடும். பாட்டரியின் நிலைமையைப் பார்த்து வோல்டேஜை வேண்டுமென்றே ஏற்றி இறக்கும் வண்டிகளும் இருக்கின்றன. ஆகவே, புது வண்டியில் மீட்டர் காட்டும் எண்ணை அந்த வண்டியின் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

கம்ப்யூட்டரை இணைத்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று எண்ணுவோரும் உண்டு. வோல்டேஜ் குறைந்தது என்று அது எழுதிக் காட்டும். எந்தத் திருகாணியில் துரு என்பதை மனிதன்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

நடு வழியில் நேர்ந்தால்

மார்கழித் திருவாதிரைக்கு ஆருத்ரா தரிசனம் காணக் கடலூர்ப் பக்கத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் பொழுது விடியுமுன் புறப்பட்டுச் சிதம்பரம் செல்கின்றன. புதுச்சத்திரத்தின் அருகே விளக்குகள் மங்கத் தொடங்கி, மீட்டர்ப் பலகையில் பாட்டரி அடையாளமும் சிவப்பாக எரிந்தால் என்ன செய்வது? ஆல்டர்னேட்டர் நின்றுவிட்டது, வண்டி பாட்டரியில் மட்டும் ஓடுகிறது என்று கொள்ள வேண்டும். ஏ.சி., விசிறி, பாட்டு, கைப்பேசிச் சார்ஜர் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். யந்திரத்தை மட்டும் அணைக்காதீர்கள். மறுபடி கிளம்பாமல் போகலாம். வெப்ப மீட்டரைக் கவனியுங்கள். பெல்ட்டே அறுந்திருந்தால், பல வண்டிகளில் தண்ணீர்ப் பம்பும் கூடவே நின்றுவிடும். அப்போது மேலே ஓட்டினால் யந்திரம் பாழாகும்.

வெப்பம் ஏறவில்லை என்றால், 45 ஆம்பியர்-மணி கொண்ட நல்ல பாட்டரி, விளக்குக்கும் யந்திரத்துக்குமாக 20 ஆம்பியர் கொடுத்தாலும், கணக்குப்படி இரண்டு மணி நேரம் தாங்கும். வோல்டேஜ் இறங்கி வருவதால் நடைமுறையில் அதில் பாதியை நம்பலாம். சிதம்பரத்துக்கு 30 கிலோமீட்டருக்கும் குறைவான தூரமே பாக்கி. நிதானமாகப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் சாலை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வெளிச்சம் குறைந்தாலோ, மின்சாரத்தால் இயங்கும் ஸ்டீரிங் கனத்தாலோ, சாலையை விட்டு இறங்கி, எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு, விடியும்வரை காத்திருப்பதே விவேகம். தரிசனம் சற்றுத் தாமதமானாலும் பாதகமில்லை.

பொருளும் அறிவும்

ஒரு காலத்தில் நம் தேசத்தில் ஓடிய மோட்டாரின் டைனமோ பர்மிங்காமிலிருந்தோ ஸ்டட்கார்ட்டிலிருந்தோ வந்தது. அது கெட்டால் கப்பலை எதிர்பார்த்திருக்க வேண்டும். சாமான் கிடைக்காத அந்த நாளில் நம் மெக்கானிக்குகள் பிரித்தார்கள், தேய்த்தார்கள், சுற்றினார்கள், ஓட வைத்தார்கள். பிறகு நிலைமை மாறிற்று. 1961-ல் சென்னைக்கு அருகே பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். தொழிற்சாலை அமைந்து, மோட்டார்களின் மின்சாரச் சாதனங்கள் தமிழ்நாட்டிலேயே உற்பத்தியாகத் தொடங்கின. சிதம்பரத்தில் 1929-ல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக் கழகம், சுதந்திரத்துக்கு முன்பே, 1945-ல், பொறியியல் கல்வியை ஆரம்பித்துவிட்டது. இன்று சாமானுக்கும் பஞ்சமில்லை, படித்தவர்களுக்கும் பஞ்சமில்லை.

ஆனால் சாமான் சுலபமாகக் கிடைப்பதனாலேயே ஒரு சோம்பல் நம்மைப் பற்றிக்கொள்கிறது. எது கெட்டது என்று பார்ப்பதைவிட எல்லாவற்றையும் மாற்றுவது எளிது என்று நினைக்கிறோம். சோதித்துப் பார்க்க ஒரு மணி நேரம் செலவிட்ட மெக்கானிக்குக்கு நூறு ரூபாய் அதிகம் கொடுக்க மனம் வருவதில்லை. தேவையற்ற சாமானுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தயங்குவதில்லை. அவர் கையில் சாமான் எதையும் கொடுக்காமல் கண்டுபிடித்ததற்கு மட்டும் கூலி கேட்டால் முகம் சுளிக்கிறோம். பிறகு அவர் மட்டும் எதற்காக மெனக்கெட்டுக் கண்டுபிடிப்பார்?

சுதேசி என்பது பொருளை இங்கே செய்வதோடு முடிந்துவிடவில்லை. நாம் செய்த பொருளை நாமே அறிந்து ஆளுவதும் அதைச் சேர்ந்ததே. ஆகையால் அடுத்த தடவை விளக்கு துடித்தால், எதை மாற்றலாம் என்று மெக்கானிக்கிடம் கேட்காதீர்கள். எங்கே அளந்து பார்த்தீர்கள், மீட்டர் என்ன சொல்லிற்று என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லக்கூடியவருக்கு அவர் கேட்கும் கூலியைச் சந்தோஷமாகக் கொடுங்கள். அத்தகைய கைகள் ஒவ்வோர் ஊரிலும் நாலு இருந்தால், இரவில் நம் சாலைகளில் செல்லும் குடும்பங்கள் பத்திரமாக வீடு வந்து சேரும்.